பெரியம்மாவின் செங்கல் பெட்டி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கரண்ட் பில்லில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. போன வாரம் ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோதும் அதே கதைதான். ஒருத்திக்கு மருமகள் பகலெல்லாம் ஏசி போடுகிறாள் என்று கோபம். இன்னொருவர் குளியலறை ஹீட்டரை அணைக்காமல் லாஸ்பேட்டைக்குக் கிளம்பி, பாதி வழியில் நினைவு வந்து ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்ததைச் சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. "உனக்கு என்னாடி வந்துச்சு?" என்று கேட்டீர்கள். வாசலில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது? அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் கண் அசந்தால் மூடிவைத்துவிட்டு அப்புறம் படியுங்கள், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஹீட்டர் இருந்தது. தண்ணீர் காயவைக்க இல்லை, அறையைச் சூடாக்க. ஆமாம், புதுச்சேரியில்தான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற இந்த ஊரில், அறையைச் சூடாக்க ஒரு ஹீட்டர். நான் கான்வென்டில் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கொண்டுவந்தவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். ஊர் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தபோதே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து போனவர். அப்படிப் போனவர்களை நாம் சொல்தா என்றுதானே சொல்வோம்? பெரியப்பாவும் ஒரு சொல்தா. எங்கெங்கோ சண்டைக்குப் போய், கடைசியில் பிரான்ஸிலேயே வேலை முடித்து, ரிட்டையராகி, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் வந்து இறங்கினார். பிள்ளைகள் கிடையாது. தாத்தா கட்டிய வீட்டில் கீழே நாங்கள் இருந்தோம். மாடி அவர்களுக்கு என்று பூட்டியே கிடந்தது. பென்ஷன் பேப்பர் பிரான்ஸிலிருந்து வந்துசேர நாளாகும் என்றார்கள். அதுவரை எல்லாம் அப்பா சம்பளத்தில்தான். அப்பா மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்.

ஊர் திரும்புகிற சொல்தாக்கள் என்னென்ன கொண்டுவருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கண்ணாடி அலமாரி, தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், ஒயின் குடிக்கிற கிளாஸ். பெரியப்பாவின் சாமான் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தது. அதில் ஒரு மரப்பெட்டியை நாலு ஆட்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. "என்னாங்க இது, தங்கமா?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டான். அவ்வளவுதான், தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. கடப்பாரை போட்டுப் பலகையைப் பெயர்த்தார்கள். உள்ளே வைக்கோல். வைக்கோலை விலக்கினால் செங்கல். கறுப்புக் கறுப்பாக, கனமாக, வரிசையாக அடுக்கிய செங்கல்.

எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவள் இல்லை. "ஏண்ணே, வில்லியனூர் பக்கம் சூளை சூளையா அடுக்கி வெச்சிருக்கான். நம்ம ஊர்ல செங்கல்லுக்கா பஞ்சம் வந்துடுச்சி? கப்பல் ஏத்திக் கொண்டாந்திருக்கீங்களே!" என்றாள். தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியப்பா மட்டும் கோபப்படாமல் மீசையைத் தடவிக்கொண்டு, "சிரிங்க சிரிங்க. அப்புறம் பாருங்க" என்றார்.

ஓரமாக நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். புடவைக்கு மேல் முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர், காலில் கம்பளிச் சாக்ஸ். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள், அவர் எங்களையெல்லாம் மெதுவாக ஒவ்வொருவராகப் பார்த்தார். எதையுமே மெதுவாகத்தான் செய்வார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் வேறு விளையாட்டுக்குப் போய்விடலாம்.

*

பெரியப்பா மாடியில் மூன்று நாளாக அந்த ஹீட்டரோடு மல்லுக்கட்டினார். செங்கலோடு கூடவே வந்த, இடுப்பு உயர இரும்புப் பெட்டி. அதற்குள் செங்கல்களை அடுக்கி, இடையிடையே கம்பிச் சுருளை நுழைத்து, மேலே மூடி போட்டுத் திருகினார். பக்கத்தில் முள் வைத்த ஒரு கடிகாரம். ராத்திரி பத்து மணிக்கு அது தானாகக் கரண்டைப் போடும், விடியற்காலையில் தானாக அணைக்கும். ராத்திரியெல்லாம் செங்கல் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

"பகல்லயே போட்டா என்னாண்ணே?" என்று அப்பா கேட்டார்.

"அங்கதான் நீ ஏமார்ற. பகல் கரண்டு முழு வெல. ராத்திரி கரண்டு பாதி வெல."

"நம்ம ஊர்லயா?"

பெரியப்பா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "இந்தத் தெருவுக்குக் கம்பம் நட்டது யாரு? பிரெஞ்சுக்காரன். ஒயர் இழுத்தது யாரு? பிரெஞ்சுக்காரன். அங்க என்னா சட்டமோ அதானே இங்கயும்? நீங்க யாரும் கேக்கல, அவனும் சொல்லல. இத்தினி வருஷமா முழுத் துட்டக் கட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிப் போய் எத்தனை வருஷம் ஆகியிருந்தது! பெரியப்பாவுக்கு மட்டும் அவன் போகவே இல்லை. அவர் கப்பல் ஏறியபோது ஊர் எப்படி இருந்ததோ அப்படியே மனசில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார். சரி, அவர்தான் அப்படி. அப்பாவுக்கு என்ன வந்தது? தினமும் சைக்கிளில் கரண்ட் ஆபீஸ் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனார். உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போய்க் கேளுங்களேன் என்று அம்மா சொன்னதற்கு, "அண்ணன் சொன்னத ஆபீஸ்ல போய் விசாரிக்கச் சொல்றியா? அவருக்குத் தெரிஞ்சா என்னா நெனப்பாரு?" என்றார். அப்பாவின் கல்யாணத்துக்குப் பணம் அனுப்பியவர், தாத்தா செத்தபோது செலவு செய்தவர் பெரியப்பா. அப்பேர்ப்பட்ட அண்ணனைச் சந்தேகப்படுவது அப்பாவால் ஆகாத காரியம்.

தனி ஒயர் இழுக்க வந்த ஒயர்மேனும் பெரியப்பாவின் விளக்கத்தை வாய் பிளந்து கேட்டுவிட்டு, போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். பிரான்ஸிலிருந்து வந்தவர் சொல்கிறார், மெஷினே அதற்கென்று கடிகாரம் வைத்திருக்கிறது, பொய்யாகவா இருக்கும்? ஒரே வாரத்தில் எங்கள் தெரு ராத்திரித் தெருவாகிவிட்டது. பத்து மணி அடித்ததும் வீட்டுக்கு வீடு இஸ்திரிப் பெட்டி சுடும். எங்கள் அத்தை அண்டா நிறையத் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டுக் கொதிக்கவைத்து, மூடி, சாக்கைச் சுற்றி வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் அது பச்சைத் தண்ணீருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனாலும் "பாதி வெலத் தண்ணி" என்று எங்கள் தலையில் பெருமையாக ஊற்றுவாள்.

*

சும்மா சொல்லக்கூடாது, அந்த மழைக்காலம் முழுக்க அந்தப் பெட்டியால் சுகப்பட்டது நாங்கள்தான். நம் ஊர் அடைமழை தெரியுமே, சுவரெல்லாம் ஓதம் ஏறி, உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டு, தீப்பெட்டி நமுத்து, துணி நாலு நாளானாலும் காயாமல் ஒரு நாற்றம் அடிக்கும். அந்த வருஷம் அதெல்லாம் இல்லை. அம்மா என் யூனிபார்மை ராத்திரி துவைத்து மாடியில் பெட்டிக்கு முன்னால் நாற்காலியில் போடுவாள். காலையில் மொறமொறவென்று இருக்கும், போட்டுக்கொண்டால் முதுகுக்கு அத்தனை இதம். அப்பளக்கட்டு, தீப்பெட்டி, அத்தையின் வத்தல் டப்பா எல்லாம் மாடி ஏறிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தைத் துணிகள்கூட வந்தன.

பெரியம்மா யாரையும் வேண்டாம் என்றதில்லை. பெட்டியோடு ஒட்டினாற்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். கமலா ஆரஞ்சு உரித்துச் சுளையை என்னிடம் கொடுத்துவிட்டு, தோலைப் பெட்டியின் மேல் பரப்புவார். கொஞ்ச நேரத்தில் தோல் சுருண்டு, அறை முழுக்க மணக்கும். அந்த வாசனையை எந்த ஸ்ப்ரேயிலும் நான் இன்றுவரை பார்க்கவில்லை.

"கையைக் குடு பாப்பா" என்று என் கையை எடுத்து அவர் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். என்னைச் சூடுபடுத்த இல்லை, தன்னைச் சூடுபடுத்திக்கொள்ள. அவர் கை அப்படிச் சில்லென்று இருக்கும். தோல் சொரசொரவென்று, தேய்த்தால் மாவு உதிரும்.

"பிரான்ஸ்ல ரொம்பக் குளிரா பெரியம்மா?"

மெதுவாகச் சொன்னார். "அங்க பனியில நடந்து மார்க்கெட்டுக்குப் போவேன் பாப்பா. முழங்கால் வரைக்கும் பனி. அப்பல்லாம் ஒண்ணும் தெரியல. இப்ப ஒரு மூணு வருஷமாத்தான் இப்படி. எலும்புக்குள்ள குளிருது. வெயில்ல நின்னாலும் குளிருது."

இதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொன்னார், அத்தையிடமும் சொன்னார், பெரியப்பா கூட்டிப்போன டாக்டரிடமும் சொன்னார். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து, "ஊர் மாத்தம், போகப் போகச் சரியாயிடும்" என்றாராம். பனியில் குளிராதவளுக்குப் புதுச்சேரியில் குளிருகிறது என்றால் அது ஊர்க் குளிர் இல்லை என்று ஒருத்தருக்காவது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

அத்தைக்கு அதெல்லாம் பவிசு. சமையலறையில் அவள் அம்மாவிடம் பேசுவது எனக்குக் கேட்கும். "மொகத்தப் பாத்தியா, எப்படி ஊதிக் கெடக்குதுன்னு? அத்தினியும் வெண்ணெ. அண்ணி கண்டது என்னா, தூக்கம், நாற்காலி, ஆரஞ்சு. ஒரு வேல கெடயாது. கேட்டா குளிருதாம், குளிருது! கொரலப் பாரு, ஆம்பள கொரலு. அங்க என்னா குடிச்சாங்களோ, என்னா ஊதினாங்களோ!"

"அப்படிச் சொல்லாதீங்க" என்பாள் அம்மா. ஆனால் மெதுவாகத்தான் சொல்வாள். அவளுக்கும் மாடிக்குக் காப்பி சுமந்து சுமந்து கால் வலி.

*

பில் வந்தது. கார்த்திகை முடிகிற சமயம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து அப்பா முற்றத்தில் நின்று அதைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். தொகையெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு அம்மிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது ஞாபகமிருக்கிறது.

மறுநாள்தான் அப்பா முதல் தடவையாக அந்த ஆபீஸுக்குள் போனார். சாயங்காலம் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு பெரியப்பாவிடம் சொன்னார். "ராத்திரி பகல்னு ஒண்ணும் கெடயாதாம்ணே. எப்ப எரிச்சாலும் ஒரே ரேட்டுதானாம்."

பெரியப்பா மீசையைத் தடவவில்லை. சண்டைக்குப் போய்த் திரும்பிய மனுஷன், அன்றைக்கு அந்த முற்றத்தில் திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெருவில் மற்ற வீடுகளுக்கும் பில் வந்திருந்தது. பாதி விலை என்று நம்பி எல்லோரும் இரண்டு மடங்கு எரித்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எங்கள் வாசலில் வந்து நின்று, "என்னாங்க உங்க பிரான்ஸ்காரரு இப்படிப் பண்ணிட்டாரு?" என்றார்கள். டீக்கடைப் பக்கம் போனால், பிரெஞ்சில் ஐயா என்று கூப்பிடுகிற மாதிரி, "மிசே, இப்ப மணி பத்தாயிடுச்சா?" என்று கிண்டல். பெரியப்பா வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

இதற்கெல்லாம் காரணம் யார்? பெரியப்பாவின் பிடிவாதம், அப்பாவின் மரியாதை, அத்தையின் அண்டாத் தண்ணீர், எங்கள் யூனிபார்ம், தெருவின் பேராசை. எல்லாம்தான். ஆனால் வீட்டில் அப்படி யாரும் கணக்குப் போடவில்லை. அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது. தன்னைத்தானே யார் சொல்லிக்கொள்வார்கள்? மிச்சம் இருந்தது ஒரு ஆள்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கீழ்க்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அத்தை வெற்றிலை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ஒருத்தரோட குளிருக்கு ஒரு வீடே எரியணுமா?" என்றாள். அப்பா "சும்மா இரு" என்றார். "நான் ஏன் சும்மா இருக்கணும்? பொண்ணுக்கு பீஸ் கட்டணுமா, வேணாமா? இந்த ஊர்ல பொறந்தவங்கதானே அவங்களும்? எங்களுக்கெல்லாம் குளிரலயே!" என்று அத்தை குரலை உயர்த்தினாள்.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கூடத்துக்கு நடுவில் வந்து நின்றார். கட்டைக் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அந்தப் பெட்டிய எடுத்துடுங்க. எனக்கு இப்பல்லாம் குளிரல."

பெரியப்பா எழுந்துவிட்டார். "நெசமாவா?"

"நெசமாத்தாங்க. ஊர் பழகிடுச்சி." சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழற்றினார். விரல்கள் சரியாக வளையவில்லை, நேரம் பிடித்தது. கழற்றி, மடித்து, நாற்காலி மேல் வைத்தார். "வேர்க்குதுகூட" என்று சிரித்தார்.

நான் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் கை என் முகத்துக்கு நேராக இருந்தது. முடியெல்லாம் குத்திட்டு நின்றது. "பெரியம்மா கையெல்லாம் புல்லரிச்சிருக்குதும்மா" என்று சத்தமாகவே சொன்னேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "பெரியவங்க பேசறப்ப வாய மூடிக்கிட்டு இரு!"

வீடே மூச்சு விட்டது. அப்பா முகத்தில் எவ்வளவு நாள் கழித்து ரத்தம் ஓடியது! அம்மா காப்பி போட எழுந்தாள். பெரியப்பாவுக்குத்தான் ரொம்பச் சந்தோஷம். "நான் சொல்லல? நம்ம காத்து, நம்ம தண்ணி. தானா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரே!" என்று எல்லோரிடமும் சொன்னார். அன்று சாயங்காலமே ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார். அத்தை வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து அம்மாவிடம் கிசுகிசுத்தாள். "பாத்தியா? கேக்கறவங்க கேட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

*

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். நம்மில் பாதிப் பேர் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்குகிறோம். தைராய்டு மாத்திரை. ஏதோ பல் தேய்ப்பது மாதிரி அது பழகிவிட்டது. எனக்கு ஐம்பதை நெருங்கும்போது வந்தது. சித்திரை மாதம் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் பார்த்துவிட்டு மறுநாளே டாக்டரிடம் இழுத்துப்போனாள். அந்த டாக்டரம்மா சின்னப் பெண், என் மகள் வயசுகூட இருக்காது. வரிசையாகக் கேட்டாள். குளிர் தாங்கலையா? முகம் வீங்கியிருக்கா? தூக்கம் அதிகமா? பேச்சு மெதுவா வருதா? குரல் கட்டையாச்சா? தோல் வறண்டு போச்சா?

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பயந்துவிட்டாள் பாவம். "இதுக்குப் போய் அழுவாங்களாம்மா? சாதாரண மாத்திரைங்க" என்றாள். அதற்குத்தானே அழுதேன், தாயே! அத்தை சமையலறையில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்ன குற்றமெல்லாம் ஒரு நோயின் அறிகுறியாக இருந்திருக்கிறது. பிள்ளை இல்லாததும் அதனால்தானா என்றுகூட யோசித்தேன். அது எப்போதிலிருந்து உடம்பில் இருந்ததோ, யார் கண்டது. பிரான்ஸிலும் யாரும் பார்க்கவில்லை, இங்கும் யாரும் பார்க்கவில்லை.

*

மார்கழி வந்தது. நம் ஊர் மார்கழி என்ன பெரிய குளிர்? காலையில் கடல் காற்று கொஞ்சம் ஈரமாக அடிக்கும், அவ்வளவுதான். பெரியம்மா அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் குளிருகிறது என்று சொல்லவில்லை. ஸ்வெட்டரைத் தொடவில்லை. அம்மா கொடுத்த பருத்திப் போர்வையைக்கூட, யாராவது மாடிக்கு வருகிற சத்தம் கேட்டால் இறக்கிவிடுவார். என் கையைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். நானாகக் கொண்டுபோய் நீட்டினால், "போய் விளையாடு பாப்பா" என்பார்.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வரவில்லை. தூங்கிவிட்டார். பொங்கல் சமயத்தில் பகலிலும் தூங்க ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழுந்து ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "நல்லாத் தூங்கறாங்க. குளிர் விட்டுப் போனதுமே ஒடம்பு தேறுது பாரு" என்று அம்மாவே சொன்னாள். அது தூக்கமே இல்லை என்று இப்போது தெரிகிறது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்தது. நாங்கள் சத்தம் போடாமல், பெரியம்மா தூக்கம் கெட்டுவிடக்கூடாது என்று படியில் மெதுவாக நடந்தோம்.

தை மாதம் ஒரு காலையில் காப்பி கொண்டுபோன அம்மா எழுப்பினாள். எழவில்லை. மூச்சு இருந்தது. ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, ஒடம்பு இப்படி ஜில்லுனு கெடக்குது? வீட்ல கம்பளி கெடயாதா?" என்று அதட்டினாராம். அத்தைதான் வீட்டுக்கு ஓடிவந்தாள். பீரோவைத் திறந்து பிரான்ஸ் கம்பளி, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அத்தையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மூன்றாம் நாள் பெரியம்மா போய்விட்டார். உப்பளம் கல்லறையில் வைத்துவிட்டு வந்தோம்.

*

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. பள்ளிக்கூடம் லீவு. மாடி ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே கிடந்தன. ஒருநாள் மத்தியானம் அம்மா என் கையில் ஒரு சொம்பு நீர்மோரைக் கொடுத்து, "பெரியப்பாவுக்குக் குடுத்துட்டு வா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்டல" என்றாள்.

கதவைத் திறந்ததும் முகத்தில் சூடு அறைந்தது. அடுப்புக்குள் தலையை விட்டது போலிருந்தது. பெரியப்பா ஒயரை மறுபடி மாட்டியிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில், பெரியம்மா உட்காரும் நாற்காலியில், பனியன் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். தாடையிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"பெரியப்பா, வேர்க்குது உங்களுக்கு. அணைச்சிடட்டுமா?"

"வேணாம் பாப்பா. இருக்கட்டும்." சொம்பை வாங்கினார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசுகிறாரா, தனக்குத்தானே பேசுகிறாரா என்று தெரியாத மாதிரி பேசினார்.

"மூணு வருஷம் ஒம் பெரியம்மா குளிருது குளிருதுன்னு சொன்னா. நான் கம்பளி வாங்கினேன், ஜன்னல சாத்தினேன், இந்தப் பெட்டியக் கொண்டாந்தேன். எல்லாம் பண்ணேன். ஆனா உள்ளுக்குள்ள நம்பல பாப்பா. சும்மா பழக்கதோஷம்னுதான் நெனச்சேன். ஒரே ஒரு நாள் குளிரலன்னு சொன்னா. அத மட்டும் ஒடனே நம்பிட்டேன்."

நான் கீழே ஓடிவந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று கேட்டாள், சொன்னேன். அப்பாவும் அத்தையும் அங்கேதான் இருந்தார்கள். மாடியில் மறுபடி பெட்டி எரிகிறது, வெயில் காலத்தில், பட்டப்பகலில் எரிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

பென்ஷன் பேப்பர் அப்போதும் வந்து சேரவில்லை. அடுத்த பில்லுக்கு அப்பா கம்பெனியில் முன்பணம் வாங்கினார் என்று அம்மா எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அந்தப் பில்லைக் கட்டிவிட்டு அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது, பெரியப்பா படியிறங்கி வந்து கூடத்தில் நின்றார். இளைத்துப்போயிருந்தார்.

"எவ்ளோடா ஆச்சி?" என்று கேட்டார்.

அத்தை வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்பா பில்லைச் சட்டைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினார்.

"கொஞ்சந்தாண்ணே" என்றார். "நீங்க பெட்டியப் போடுங்க."